எல்லாரையும் போல உடுத்தப் பிடிக்காத தம்பிகளுக்கு

கருப்பு அகலக்கால் பேண்ட், ஒற்றைக் காதில் வெள்ளி வளையம், ஊக்கு குத்திய சட்டை, கனத்த பூட்ஸ். இந்தப் படங்களையெல்லாம் போனில் சேமித்து வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் அதே நீல ஜீன்ஸையும் அதே கட்டம் போட்ட சட்டையையும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபது வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். வீடு திருச்சி உறையூரில். என் வயதுப் பையன் யாரும் அப்படி உடுத்தி நான் நேரில் பார்த்ததில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை, கையில் காசும் இல்லை. ஏழெட்டு வருஷம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்றுதான்: இந்த மாதிரி உடையை வாங்குவதைவிட உண்டாக்கிக்கொள்வதுதான் அதிகம். தைக்க வேண்டும், வெட்ட வேண்டும், சாயம் போட வேண்டும், பழையதை ஆல்டர் செய்ய வேண்டும். அந்த விஷயத்தில் லண்டனில் இருப்பவனைவிட உறையூரில் இருப்பவனுக்கு வசதி அதிகம், ஏனென்றால் இரண்டு தெரு தாண்டினால் நமக்கு ஒரு டெய்லர் இருக்கிறார்.

பங்க் என்ற ராக் இசையோடு சேர்ந்து வளர்ந்த பங்க் உடை எப்படி வந்தது என்று பாருங்கள். லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430-ஆம் எண் கடையில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் 1970-களில் அந்த உடைகளை விற்றார்கள், சரி. ஆனால் அங்கே வாங்க வசதியில்லாத பசங்கள் வீட்டில் கிடந்த சட்டையைக் கிழித்து, ஊக்கு குத்தி, பெயிண்டில் எழுதித் தாங்களே செய்துகொண்டார்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை போகும் டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ்கூட 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்தபோது தபால்காரர்களும் ஃபாக்டரி தொழிலாளிகளும் போட்ட செருப்புத்தான். அதன் மாடல் எண் 1460 என்பதே அந்தத் தேதிதான். கையில் இருந்ததை வைத்துச் செய்தவர்கள்தான் இந்த ஸ்டைல்களையெல்லாம் தொடங்கினார்கள். அதனால் காசு சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் வாங்காதீர்கள். தினமும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் கண்ணாடி முன்னால் நின்று தலை முதல் கால் வரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு போட்டோ சேர்ந்ததும் வரிசையாகப் பாருங்கள், எந்தச் சட்டை உடம்பில் உட்கார்ந்திருக்கிறது, எது தொங்குகிறது, எந்தப் பேண்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் சேமித்து வைத்த படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எது பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பேண்டின் அகலமா, சட்டையின் நீளமா, துணியின் சொரசொரப்பா, தலைமுடியா? எனக்குப் பிடித்த படங்களில் பாதி டோக்கியோவிலும் பெர்லினிலும் குளிர்காலத்தில் எடுத்தவை. கனமான கோட்டையும் மப்ளரையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது உருவம் மட்டும்தான்: மேலே குட்டையாக, கீழே அகலமாக. அது புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு வழி பிடிபட்டது.

உருவத்தை முதலில் முடிவு செய்யுங்கள், நிறமும் நகையும் அதற்குப் பிறகு. மேலே குட்டை கீழே அகலம் என்பது ஒன்று. மேலே நீளமாகத் தொளதொளவென்று விட்டு, கீழே ஒடுக்கமாக வைப்பது இன்னொன்று. இரண்டும் தொளதொளவென்று இருப்பது மூன்றாவது. ஜப்பானிய டிசைனர்கள் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் 1980-களின் தொடக்கத்தில் பாரிஸில் கொண்டுபோய்க் காட்டியது அதைத்தான். உடம்போடு ஒட்டித் தைப்பதுதான் அழகு என்று பழகியிருந்த ஊரில் கருப்புத் துணியை உடம்பை விட்டு விலக்கித் தொங்கவிட்டார்கள், அன்றைக்குப் பலர் முகம் சுளித்தார்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் குண்டாக இருப்பவர்களுக்கும் அது ஒரே மாதிரி நிற்கும் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள். வாரத்துக்கு ஒன்று மாற்றினால் எதுவும் உங்களுடையதாகாது.

இனி டெய்லர். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

முதல் தடவை நான் போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி தைங்க" என்று ஒரு கடையில் கொடுத்தேன். வந்தது ஆபீஸ் பேண்ட், கொஞ்சம் லூஸாக. தப்பு என்னுடையது. டெய்லருக்குப் படம் போதாது, அளவு வேண்டும். இரண்டாவது தடவை சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு பாயிடம் போனேன், அறுபது தாண்டியவர், சந்துக்குள் ஒற்றை மிஷின். ஒரு பழைய பேண்டைக் கையில் கொண்டு போய், மேசையில் விரித்து, "பாய், இடுப்பு இதே. பட்டியிலிருந்து கவட்டைத் தையல் வரைக்கும் இதைவிட இரண்டு இன்ச் கூட. முன்னாடி இரண்டு பிளீட். பாட்டம் சுற்றளவு இருபது" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இருபதா? இருபத்தாறு வச்சு தைச்சவன் தம்பி நான், எழுபத்தெட்டுல" என்றார். அப்புறம் சாக்பீஸை எடுத்துப் பேண்டின் மேலேயே இரண்டு கோடு போட்டுக் காட்டினார். முட்டிக்குக் கீழே மட்டும் விரித்தால் அது பெல்பாட்டம் ஆகிவிடும். நான் கேட்கிற பேண்டுக்கு அகலம் தொடையிலேயே ஆரம்பித்து நேராகக் கீழே இறங்க வேண்டும். நான் கொண்டுபோன துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது விறைப்பா நிக்கும், தம்பி. உனக்கு விழுகிற துணி வேணும்" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் கற்றதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எனவே டெய்லரிடம் போகும்போது ஒரு மாதிரித் துணி கையில் இருக்கட்டும், அதிலிருந்து எங்கே எத்தனை இன்ச் கூட, எங்கே குறைய என்று பேசுங்கள். 58 இன்ச் அகலத் துணியில் சாதாரண பேண்டுக்கு ஒன்றேகால் மீட்டர் சொச்சம் போதும், பிளீட் வைத்த அகல பேண்டுக்கு ஒன்றரை மீட்டர் எடுத்துவிடுங்கள், மிச்சம் பாட்ச்சுக்கு ஆகும். பருத்தி என்றால் தைக்கக் கொடுக்குமுன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டுவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் முதல் சலவையிலேயே கணுக்கால் தெரியும். கீழே மடிப்பில் இரண்டு இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முதல் பேண்டை ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, திருத்தம் சொல்லி, அப்புறம் இரண்டாவதைக் கொடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று கொடுத்தால் ஒரே தப்பு மூன்றிலும் இருக்கும்.

துணிக்குக் கட்பீஸ் கடைகள் போதும். அங்கே விற்பவர் "ப்யூர் காட்டன்" என்று சொன்னாலும் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் கையில் தேய்த்தால் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகி, முனையில் கடினமான மணி மாதிரி திரளும். விரும்பிப் பாலியஸ்டர் கலந்தது வாங்குவதில் தப்பில்லை, பாய் சொன்ன "விழுகிற" தன்மை சில கலவைத் துணிகளில் நன்றாக வரும். தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். டீ-ஷர்ட்டுக்குத் திருப்பூர் காதர்பேட்டை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, சின்னக் குறையால் ஒதுக்கியது என்று குவிந்து கிடக்கும். அங்கே ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள். 180 என்றால் நம் வெயிலுக்குத் தாங்கும். 240 கனமாக நின்று படத்தில் அழகாகத் தெரியும், மே மாதத்தில் சாகடிக்கும்.

வெயில் என்றதும் "நம்ம ஊர்ல கருப்பு போட முடியுமா" என்ற கேள்வி வந்துவிடும். பாலைவனத்து பெடூயின்கள் ஏன் கருப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சோதித்துப் பார்த்து 1980-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அங்கி கருப்பானாலும் வெள்ளையானாலும் உடம்புக்குப் போய்ச் சேர்ந்த வெப்பம் ஒன்றுதான். கருப்புத் துணி கூடுதலாக இழுத்துக்கொண்ட சூடு தோலை எட்டுமுன்பே காற்றோடு போய்விட்டது. தொளதொளப்பும் உள்ளே ஓடும் காற்றும்தான் அதற்குக் காரணம். அது வறண்ட பாலைவனம், சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் வியர்வையே காயாது, அதனால் துணி மெல்லியதாகவும் இருக்க வேண்டும். ஒட்டிப் பிடிக்கும் கருப்பு ஸ்கின்னி ஜீன்ஸ் வேதனை. மெல்லிய கருப்புப் பருத்தியில் அகல பேண்ட் சுகம். நான் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன், நம்பிப் போடலாம்.

நிறத்துக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு காங்கோவின் சப்பூர்களிடமிருந்து எடுத்தது. பிராசவில், கின்ஷாசா தெருக்களில், நம்மைப் போலவே புழுங்கும் ஊர்களில், சொற்ப வருமானத்தில் வாழ்ந்துகொண்டு கோட்டும் சூட்டுமாக நடப்பவர்கள். ஒரே நேரத்தில் உடம்பில் மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம் என்பது அவர்களிடம் இருக்கும் விதி. கருப்பு, வெள்ளை, அதோடு ஒன்று. அந்த ஒன்று எனக்குச் செங்கல் நிறம்.

இதோடு ஒன்று சொல்லியாக வேண்டும். துணிக்கடையில் "உங்க கலருக்கு இது எடுக்காது தம்பி, லைட் ஷேடு பாருங்க" என்பார்கள். என் அம்மாவும் சொல்லியிருக்கிறார், பாசத்தில்தான். கேட்காதீர்கள். மாநிறத்துக்கும் கருப்புத் தோலுக்கும் கருப்புத் துணி எடுக்கும், அதன் மேல் வெள்ளி எடுக்கும், கடுகு மஞ்சள் எடுக்கும், பாட்டில் பச்சை எடுக்கும். வெளிர் பிங்கிலும் கிரீமிலும் நம் தோலை மறைத்து வைக்கச் சொல்லும் அந்தப் பேச்சைத் தூக்கிப் போட்டதுதான் இந்த எட்டு வருஷத்தில் நான் செய்த நல்ல காரியம்.

லுங்கித் துணியை மறந்துவிடாதீர்கள். மெட்ராஸ் கட்டம் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய துணி நம் கரையிலிருந்து போனது. நைஜீரியாவில் கலபாரி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளுக்கு அதைக் கட்டுகிறார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிப் பசங்கள் சலவைக்குச் சலவை சாயம் கசிகிற மெட்ராஸ் சட்டைக்காக அலைந்தார்கள். நமக்கு அது வீட்டுக்குள் கட்டுகிற லுங்கி. இரண்டு மீட்டர் லுங்கி ஒன்றைப் பிரித்தால் ஒரு அரைக்கைச் சட்டை வரும், விரிந்த காலர், கீழ்ப்பக்கம் நேர்வெட்டு, உயரம் இடுப்போடு நிற்கட்டும். டெய்லரிடம் "பாக்கெட்லயும் பட்டன் பட்டியிலயும் கட்டம் சேர்த்துத் தைங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள். கட்டம் சேராமல் தைத்தால் லுங்கியை வெட்டித் தைத்ததாகவே தெரியும், சேர்ந்தால் பார்ப்பவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். காஜா, அதாவது பட்டன் ஓட்டை, கையால் எடுக்கத் தெரிந்தவர் கிடைத்தால் பட்டனுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

கையில் செய்வது

வெளுத்துப்போன கருப்பு டீ-ஷர்ட், கறை விழுந்த வெள்ளைச் சட்டை, எல்லாவற்றையும் கருப்பாக்கலாம். பாக்கெட்டில் வரும் சாயம் சுலபம், ஆனால் நான் விரும்பிச் செய்வது கடுக்காய்க் கருப்பு. துணியில் கலம்காரி ஓவியம் போடுகிறவர்கள் கருப்புக் கோட்டுக்குக் காலம் காலமாகச் செய்துவரும் முறை இது. துருப்பிடித்த ஆணி, தகரத்துண்டு ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு உருண்டை வெல்லத்தோடு பழைய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். மூடி இறுக்கமாக வேண்டாம், புளிக்கும்போது காற்று வெளியே போக வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் மேலே நுரை கட்டி, புளித்த நாற்றம் வரும். மொட்டைமாடியில் வையுங்கள், வீட்டில் சண்டை வராமலிருக்க. துணியைக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு போகச் சூடான தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்ப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் டீ-ஷர்ட்டுக்கு 40 கிராம். பொடியை வெந்நீரில் கரைத்துத் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் அப்படியே காயப்போடுங்கள். மங்கலான மஞ்சள் நிறத்தில் காய்ந்திருக்கும். இப்போது இரும்புத் தண்ணீரை வடிகட்டி, கையுறை போட்டுக்கொண்டு துணியை முக்குங்கள்.

அந்த நிமிஷம் ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதிதாக இருக்கிறது. மஞ்சள் துணி தண்ணீரைத் தொட்ட இடத்திலிருந்து சாம்பலாகி, கண் முன்னாலேயே கருத்துக்கொண்டு போகும். பத்து நிமிஷம் முக்கி, உதறி, காற்றில் விரித்தால் இன்னும் கருக்கும். ஒரு தடவையில் கரும்சாம்பல்தான் வரும், ஆழமான கருப்புக்குக் கடுக்காயிலிருந்து திரும்ப ஒரு சுற்று போக வேண்டும். இரண்டு விஷயம் கவனம். இரும்பு அதிகமானாலோ துணியில் தங்கிவிட்டாலோ பருத்தி நாளாவட்டத்தில் நைந்துபோகும், அதனால் கடைசியில் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். இன்னொன்று, தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும், அது சாயம் பிடிக்காது. சட்டை கருப்பாகி, தையல் கோடுகள் மட்டும் பழைய நிறத்தில் வரைந்த மாதிரி நிற்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும், வெள்ளை நூல் தைத்த சட்டைகளையே தேடி எடுத்துச் சாயம் போடுகிறேன்.

கிழிந்த இடத்தை மறைக்க வேண்டாம். மாறுபட்ட நிற நூலில் ஓடுதையல் போட்டு, பின்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்து, கிழிசலே தெரிகிற மாதிரி தையுங்கள். ஊக்கு குத்துவதாக இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் பார்த்து வாங்குங்கள், சலவைக்குப் போடுமுன் கழற்றிவிடுங்கள். டெனிம் ஜாக்கெட்டில் பாட்ச் ஒட்டுகிறவர்கள் பசையை நம்பாமல் நான்கு பக்கமும் தையுங்கள், நம் ஈரப்பதத்தில் பசை ஒரு மழைக்காலம் தாங்காது.

காலும் காதும்

பூட்ஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு மாதம் சேர்த்து வைத்து ஆன்லைனில் ஒரு பூட்ஸ் வாங்கினேன். வீணாகிவிடக் கூடாது என்று விசேஷங்களுக்கு மட்டும் போட்டு, மிச்ச நாள் பெட்டியோடு பரணில் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து எடுத்துப் போட்டு வாசற்படி இறங்கினால் சோல் கேக் மாதிரி உதிர்ந்து விழுந்தது. பி.யு. (பாலியூரித்தேன்) சோல் என்றால் அப்படித்தான், காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும், போடாமல் மூடி வைத்தால் இன்னும் மோசம். அதனால் ரப்பர் சோல், சோலைச் சுற்றித் தையல் இருப்பது, மறுபடி சோல் மாற்றக்கூடியது என்று கேட்டு வாங்குங்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன, உலகத்துக்குத் தோலும் ஷூவும் அனுப்புகிற ஊர்கள். வாங்கியதை அடிக்கடி போடுங்கள். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து நிழலில் வையுங்கள்.

பூட்ஸ் கட்டாயமும் இல்லை. அகல பேண்டுக்குக் கீழே கோலாப்பூரி செருப்பு போட்டுப் பாருங்கள், கனமான தோல், தட்டையான அடி, பேண்டின் விளிம்பு அதன் மேல் விழுந்து நிற்கும் அழகே வேறு.

காது குத்துவது நமக்குப் புதிதில்லை. என் கொள்ளுத்தாத்தா படத்தில் இரண்டு காதிலும் கடுக்கன் இருக்கிறது, பின்னால் குடுமி. ஆண் நகை போடுவது வெளியூர்ப் பழக்கம் என்று யாராவது சொன்னால் அந்த மாதிரிப் படம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடி எடுங்கள். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் நடராசர் திருமேனிகளின் காதுகளை நின்று பாருங்கள். ஒரு காதில் ஆண் அணியும் குழை, மறு காதில் பெண் அணியும் தோடு. இரண்டு காதிலும் வேறு வேறு அணிவதை நான் அங்கேதான் கற்றேன்.

மடலில் குத்தினால் ஆற ஆறு முதல் எட்டு வாரம், மேலே குருத்தெலும்பில் குத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம்கூட ஆகும். குருத்தெலும்பைத் துப்பாக்கி வைத்துக் குத்த விடாதீர்கள், அங்கே புதிய ஊசிதான். முதல் தோடு டைட்டானியமோ தங்கமோ இருக்கட்டும். மலிவு உலோகத்தில் நிக்கல் கலந்திருக்கும், பலருக்கு அரிக்கும், சீழ் வைக்கும். தினமும் சலைன் தண்ணீரால் துடைத்தால் போதும், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் பூச வேண்டாம், திருகிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஆறிய பிறகு வெள்ளி போடலாம்.

கண்மை இடுகிறவர்கள் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சிட்ட பென்சிலாகப் பார்த்து வாங்குங்கள், லேபிள் இல்லாமல் விற்கும் சுர்மா வகைகளில் ஈயம் இருக்கலாம். முடிக்குப் பிளீச் போடுவதை முதல் தடவை வீட்டில் செய்யாதீர்கள். நம் கருமுடியில் நிறம் இறங்க நேரம் பிடிக்கும், அதற்குள் தலைத்தோல் வெந்துவிடும். சலூனில், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

வீடும் தெருவும்

இதுதான் எல்லாரும் தனியாகக் கேட்பது. வீட்டில் என்ன சொல்வது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள். நான் முதலில் பேண்டை மட்டும் மாற்றினேன். அப்பா பார்த்துவிட்டு, "என்னடா இது, எங்க காலத்து பேண்ட்டு" என்றார், அதோடு சரி. மூன்று மாதம் கழித்துச் சட்டை. அதற்குப் பிறகு மோதிரம். காது குத்தியபோதுதான் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அம்மா வந்து, "சீழ் வைக்காம பாத்துக்க" என்றார். வீட்டாரின் பயம் பெரும்பாலும் உடையைப் பற்றியது இல்லை, பையனுக்கு வேலை கிடைக்குமா, சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள், கெட்ட சகவாசமா என்பதுதான். அதனால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் நான் எட்டு முழ வேட்டிதான், சண்டையே போடுவதில்லை. கருப்பு விரலில் வெள்ளி மோதிரத்தோடு வேட்டி கட்டினால் அதுவும் என் ஸ்டைல்தான்.

டிரெஸ் கோடு உள்ள காலேஜில் படித்தேன், டீ-ஷர்ட் கூடாது, ஜீன்ஸ் கூடாது, சட்டையை இன் செய்ய வேண்டும். வாசலிலேயே நிறுத்தி முடியை வெட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பியது இன்றும் வலிக்கிறது. ஆனால் பிளீட் வைத்த பேண்ட் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கழுத்து வரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, உயர்ந்த இடுப்புள்ள கருப்பு பேண்ட், அகலக் கால், பாலீஷ் போட்ட கருப்பு ஷூ. விதிப்படி எல்லாமே சரியாக இருக்கும், பார்த்தால் வேறு ஆளாகத் தெரிவீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதுவே நல்ல வழி.

தெருவில் பேசுவார்கள். பஸ்ஸில் யாராவது "என்ன வேஷம் இது" என்பார்கள், "பொம்பளை மாதிரி" என்பார்கள். முதல் கேள்விக்கு நான் "பிடிச்சிருக்குண்ணே" என்று மட்டும் சொல்வேன், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவதற்கு "நான் அப்படி இல்லை" என்று பதில் சொல்லாதீர்கள். அந்தப் பதில் பெண்களையும் திருநங்கைகளையும் கேவலம் என்று ஒத்துக்கொள்கிறது, நமக்கு முன்னால் இதே தெருவில் எவ்வளவோ பெரிய பேச்சுக்களைத் தாங்கி நடந்தவர்கள் அவர்கள். பேசாமல் நடந்துவிடுங்கள். குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவர்கள் நிற்கும் இடத்தில், ராத்திரி கடைசி பஸ்ஸில், நீளச் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. நானும் பையில் ஒன்று வைத்திருக்கிறேன்.

ஊரில் இன்னொருவன் இருந்தால் எல்லாமே பாதிக்குப் பாதி லேசாகிவிடும். எனக்கு அப்படி ஒருவன் என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு கட்பீஸ் கடை வாசலில் கிடைத்தான். ஒரே கருப்புத் துணிக் கட்டை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தோம், ஆளுக்கு ஒன்றரை மீட்டர் பிரித்துக்கொண்டோம். இப்போது மோதிரமும் ஜாக்கெட்டும் மாறி மாறிப் போட்டுக்கொள்கிறோம், அவன் சுற்றளவு என்னைவிட நான்கு இன்ச் அதிகம், தொளதொளவென்று தைத்ததால் எனக்கும் பொருந்துகிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் அளவுகளை டெய்லர் நோட்டில் மட்டும் விடாமல் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தைத்த ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்றினீர்கள் என்று கீழே எழுதி வையுங்கள். பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் அளவை வாசிக்கிறேன், அவர் வெட்டுகிறார். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் எந்த டெய்லரிடமும் புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கொடுக்காதீர்கள், யூனிபார்ம் வேலை நடக்கும் மே கடைசியிலும் ஜூனிலும் கொடுக்காதீர்கள். தை பிறந்த பிறகு கடை காலியாக இருக்கும், அவருக்கும் பேச நேரம் இருக்கும், அப்போது போங்கள்.